"டென்ஷன் ஆகாதீங்க"ன்னு சொல்றாங்க, அதுக்கு என்ன செய்யணும்? (26 வாரம், தலைப்பிரசவம்)

திருமங்கலத்து அக்கா கேட்டது:

தம்பி பொண்டாட்டிக்காகக் கேக்குறேன். வயசு 24, 26 வாரம் நடக்குது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில சேலைப் பிரிவுல வேலை, நாள் முச்சூடும் நிக்கணும். காலைல 9 மணிக்கு பஸ் ஏறினா ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு.

ஒரு மாசமா ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்துருது. நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கிறா. அதுக்கப்புறம் விடியிற வரைக்கும் பொட்டுத் தூக்கம் இல்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் கண்ணுல தண்ணி. பிரசவத்தை நினைச்சா கை நடுங்குதாம். அழுது முடிச்சிட்டு, "நான் அழுதா பிள்ளைக்கு ஆகாதாமே"ன்னு அதுக்கும் சேர்த்து அழுகுறா.

செக்கப்ல "டென்ஷன் ஆகாதீங்கம்மா, சந்தோஷமா இருங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுல நாங்களும் அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றோம். அதைக் கேட்டா அவளுக்கு இன்னும் கோவம் வருது. டென்ஷன் ஆகாம இருக்க என்னதான் செய்யணும்? எத்தனை நிமிஷம், எந்த நேரம், எதை நிறுத்தணும், எதைப் பாத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? ஒம்பதாம் மாசம் வளைகாப்பு போட்டு உசிலம்பட்டியில அம்மா வீட்டுக்கு அனுப்புறதா இருக்கோம், அங்க புது ஆஸ்பத்திரி எப்படியோன்னு அந்த யோசனை வேற. தெரிஞ்சவங்க வெவரமாச் சொல்லுங்க.

பேறுகால வார்டு சிஸ்டர்:

அக்கா, மனசுக்கு வர்றதுக்கு முன்னாடி உடம்பைப் பாத்துருங்க. படபடப்பு, மூச்சு வாங்குறது, தூக்கமின்மை, கை நடுக்கம், எரிச்சல் இது அத்தனையும் ரத்தசோகையிலயும் வரும், தைராய்டு கூடினாலும் வரும். ரத்தம் குறைஞ்சிருக்கிற பொண்ணுகிட்ட "டென்ஷன் ஆகாதே"ன்னு சொன்னா அவ என்ன செய்வா? ரத்தம் கம்மியா இருக்கிறப்ப இதயம் வேகமா அடிச்சுத்தான் பிராணவாயுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த அடிப்பை அவ பயம்னு நினைச்சுக்கிடுவா, நினைச்சதும் நெசமாவே பயம் வந்துரும்.

அதனால அவளோட தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்க. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ இருந்தா கர்ப்பிணிக்கு அது ரத்தசோகை. தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை, டி.எஸ்.எச்., எடுத்திருக்காங்களான்னு பாருங்க. சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சு எடுக்கிற ரத்தம் 140-க்குக் கீழ இருக்கணும். 24 வாரத்துக்கு மேல அந்தப் பரிசோதனையை இன்னொரு தடவை செய்வாங்க, விட்டுப்போயிருந்தா கேட்டு எடுங்க. ரத்த அழுத்தம் ஒவ்வொரு செக்கப்லயும் எழுதியிருக்கணும்.

உக்காந்து ஓய்வா இருக்கிறப்ப ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணிப் பாருங்க. கர்ப்பத்துல வழக்கத்தைவிட 10, 20 துடிப்பு கூடுதலா இருக்கும், அது இயல்பு. சும்மா இருக்கிறப்பவே 100-க்கு மேல நிலையா ஓடினா டாக்டர்கிட்ட அந்த எண்ணைச் சொல்லணும். "படபடப்பா இருக்கு"ன்னா "டென்ஷன் ஆகாதீங்க"ன்னுதான் பதில் வரும். "உக்காந்திருக்கிறப்ப 108, மூணு நாளா எண்ணினோம்"னு சொன்னா உடனே எழுதிப் பார்ப்பாங்க.

இரும்பு மாத்திரை போடுறாளான்னு கேட்டா எல்லா வீட்டுலயும் "போடுறா"ன்னுதான் சொல்லுவீங்க. எதோட போடுறாங்கிறதுதான் விஷயம். காபி டம்ளரை ஒரு கையில வச்சுக்கிட்டு இன்னொரு கையில மாத்திரையை வாயில போட்டு, அந்தக் காபியாலயே முழுங்கிருவாங்க. காபி, டீயில இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடிச்சுக்கிடும், உடம்புல ஏற விடாது. கால்சியமும் அப்படித்தான், ரெண்டும் ஒண்ணாப் போனா இரும்பு ஏறாது. கடையில நிக்கிற பொண்ணுக்கு ஒத்துவர்ற நேரம் சொல்றேன்: காலை இட்லியோட கால்சியம் 500 மி.கி. ஒண்ணு, மதியச் சாப்பாட்டோட இன்னொண்ணு. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு 2 மணி நேரம் கழிச்சு, படுக்கப் போறப்ப இரும்பு மாத்திரை, கூட அரை எலுமிச்சம்பழச் சாறு இல்லாட்டி ஒரு நெல்லிக்காய். மாத்திரைக்கு முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரம் டீ, காபி, பால் ஆகாது. மலம் கறுப்பாப் போகும், அதுக்குப் பயந்து நிறுத்திராதீங்க. மலச்சிக்கலுக்குக் கொய்யா, வாழைத்தண்டு, தண்ணி. தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சாங்கன்னா அது விடியக்காலை வெறும் வயித்துல, இரும்பும் கால்சியமும் அதுல இருந்து 4 மணி நேரம் தள்ளி. அப்ப காலைக் கால்சியத்தைச் சாயங்காலத்துக்கு மாத்திக்கிடுங்க.

காபியில இருக்கிற கஃபீன் ஒரு நாளைக்கு 200 மி.கி. தாண்டக்கூடாது. ஃபில்டர் காபி ரெண்டு சின்ன டம்ளரோட நிறுத்திக்கிட்டா போதும், கடையில 4 மணிக்குக் குடிக்கிற டீயையும் இதுல சேர்த்து எண்ணணும். மத்தியானம் 2 மணிக்கு மேல குடிச்சதோட வேலை ராத்திரியில தெரியும். கர்ப்பத்துல கஃபீன் உடம்பை விட்டு இறங்க ரொம்ப நேரம் எடுக்கும். அதனால முன்னாடி ராத்திரி 9 மணிக்குக் காபி குடிச்சிட்டுத் தூங்கினவளுக்கும் இப்ப தூக்கம் வராது.

காலைல சாப்பிடாம பஸ் ஏறுறாளான்னும் பாருங்க. வயிறு காலியா 4, 5 மணி நேரம் நின்னா கை நடுங்கும், வேர்க்கும், எரிச்சல் வரும். பையில அவிச்ச நிலக்கடலையோ சுண்டலோ ஒரு டப்பா, ரெண்டு வாழைப்பழம். 11 மணிக்கும் 4 மணிக்கும் சாப்பிட்டே ஆகணும்.

மூச்சும் நடையும்:

சிஸ்டர் சொன்ன பரிசோதனை எல்லாம் ஓடட்டும். இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கக்கூடியதைச் சொல்றேன். நான் கர்ப்பிணிகளுக்கான உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஆள்.

மூச்சுப் பயிற்சின்னதும் எல்லாரும் நெஞ்சை விடைச்சுக்கிட்டு இழுத்து இழுத்து விடுவாங்க. அது தப்பு. இழுக்கிறது சின்னதா இருக்கணும், விடுறதுதான் நீளம். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க. தலைக்கு ஒரு தலையணை, ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல ஒண்ணு, வயித்துக்கு அடியில மடிச்ச துணி. வலது கையை விலா எலும்பு மேல வைக்கணும். மூக்கு வழியா 4 எண்ணுற வரைக்கும் மெதுவா உள்ள. உதட்டைக் குவிச்சு, சூடான காபியை ஊதி ஆத்துற மாதிரி, 6 எண்ணுற வரைக்கும் வெளிய. மூச்சை உள்ள நிறுத்தி வைக்கக்கூடாது. ஒரு சுத்துக்கு 10 நொடி, நிமிஷத்துக்கு 6, அஞ்சு நிமிஷத்துக்கு 30 சுத்து. காலைல எந்திரிச்சதும் ஒரு தடவை, படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை.

படபடப்பு வர்றப்ப மட்டும் செஞ்சா வேலைக்கு ஆகாது. நல்லா இருக்கிறப்ப ரெண்டு வாரம் பழகினாத்தான் ராத்திரி 2 மணிக்கு உடம்பு அதைக் கேக்கும். நீச்சல் தெரியாதவன் கெணத்துல விழுந்தப்புறம் கத்துக்கிட முடியாதுல்ல, அதுமாதிரி.

வயித்தை உப்பி மூச்சு விடச் சொல்ற பயிற்சி 7-ஆம் மாசத்துக்கு மேல சிரமம். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானத் தசையைக் கர்ப்பப்பை மேல தள்ளியிருக்கும், அதுக்குக் கீழ இறங்க இடமில்லை. விலா ரெண்டு பக்கமும் விரியிற மாதிரி நினைச்சா போதும். கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமா அடிக்கிற மூச்சும், மூச்சை அடக்கி வைக்கிற கும்பகமும் கர்ப்பத்துல வேண்டவே வேண்டாம்.

அடுத்தது தசையை இறுக்கித் தளர்த்துறது. பகல் முழுக்க நிக்கிற உடம்புக்கு இது ரொம்ப நல்லா வேலை செய்யும், தன் தோள் காதுவரைக்கும் ஏறி நிக்கிறது அவளுக்கே தெரியாது. வலது கையை மூடி முக்கால் பலத்துல 5 நொடி இறுக்கணும், பொசுக்குன்னு விட்டு 20 நொடி அப்படியே கிடக்கணும். அடுத்து இடது கை, ரெண்டு தோளையும் காதுக்குத் தூக்கி விடுறது, முகத்தைச் சுருக்கி விடுறது, தொடை, கடைசியாப் பாதம். பாதத்துக்கு மட்டும் கால்விரலை முன்னால நீட்டக்கூடாது, கெண்டைக்கால் பிடிச்சுக்கிடும். விரலைத் தன் பக்கமா இழுக்கணும். வயித்தை இறுக்கவே கூடாது. ஒவ்வொண்ணும் ரெண்டு தடவைன்னா மொத்தம் 10 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும்.

தூக்கத்துக்கு வருவோம். முழிச்சு 20 நிமிஷம் ஆகியும் தூக்கம் வரலைன்னா பாயை விட்டு எந்திரிச்சு நாற்காலியில உக்காரணும், மங்கலான வெளிச்சம், போன் கையில இருக்கக்கூடாது. கண்ணு சொக்குறப்பத் திரும்பப் படுக்கணும். படுத்துக்கிட்டே புரண்டா, பாயைப் பாத்தாலே முழிப்பு வர்ற பழக்கம் உண்டாகிரும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எந்திரிக்கிற நேரம் ஒண்ணா இருக்கட்டும். ராத்திரி ஒண்ணுக்குப் போக முழிக்கிறது குறையணும்னா, குடிக்கிற தண்ணியைக் குறைக்காம, பெரும்பங்கை 6 மணிக்குள்ள குடிச்சிரணும். மதுரை வெயில்ல தண்ணியைக் குறைச்சா தலைவலியும் படபடப்பும் கூடத்தான் செய்யும்.

28 வாரத்துக்கு மேல மல்லாக்கப் படுத்துத் தூங்க ஆரம்பிக்கக்கூடாது, முதுகெலும்பு ஓரம் ஓடுற பெரிய ரத்தக்குழாயைக் கர்ப்பப்பை அமுக்கும். ஆனா தூக்கத்துல தானா மல்லாந்து கிடந்து முழிச்சா ஒண்ணும் பதறவேண்டாம், திரும்பிப் படுத்தா போதும். "மல்லாந்து படுத்துட்டேன், பிள்ளைக்கு என்னாச்சோ"ன்னு விடிய விடிய உக்காந்திருக்கிற பொண்ணுக நிறையப் பேரு.

நடை வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது அஞ்சு நாளைக்கு அரை மணி நேரம். பேசிக்கிட்டே நடக்க முடியிற வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். கடையில நாள் பூரா நிக்கிறது நடையில சேராது, அது காலுக்குப் பாரம் மட்டும்தான். லீவு நாள்ல வெள்ளன ஆறு, ஆறரைக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுத்தலாம், தரை சமமா இருக்கும், உக்கார இடம் இருக்கு. சித்திரை, வைகாசி வெயில்ல 8 மணிக்கு மேல வெளிய நடக்க விடாதீங்க. டாக்டர் ஓய்வுல இருக்கச் சொல்லியிருந்தாலோ, நச்சுக்கொடி கீழ இருக்குன்னு ஸ்கேன்ல சொல்லியிருந்தாலோ கேக்காம நடை வேண்டாம்.

கடையில நிக்கிறப்ப ஒரு சாண் உயரம்கூட வேண்டாம், அரைச் சாண் உயரத்துல ஒரு பலகை, ஒரு கால் அது மேல. கால் மணி நேரத்துக்கு ஒருதடவை கால் மாத்தணும். ஒரு மணி நேரத்துக்கு 5 நிமிஷம் உக்காரணும்.

வைகைக்கரை:

எதுக்கு இம்புட்டும்? நம்ம அப்பத்தாமார் எட்டு, பத்துன்னு பெத்தாங்க. நாத்து நட்ட வயல்லயே வலி வந்து வீட்டுக்கு வந்து பெத்திருக்காங்க. டென்ஷன்னு ஒரு வார்த்தையே கிடையாது. நல்ல பாட்டுக் கேக்கச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை மீனாட்சியம்மனைப் போய்க் கும்பிடச் சொல்லுங்க, தானாச் சரியாயிரும்.

பேறுகால வார்டு சிஸ்டர்:

ஐயா, கோயிலுக்குப் போறது நல்லதுதான், கூட்டம் இல்லாத நேரமாப் பாத்துப் போகட்டும், கருங்கல் தரை கால்ல சுடாத நேரமா இருக்கட்டும். ஆனா அந்த எட்டுல, பத்துல எத்தனை பிள்ளை தங்குச்சு, எத்தனை தாய் பிரசவத்துல போனாங்கங்கிற கணக்கையும் சேர்த்துச் சொல்லணும். அன்னைக்கும் பொண்ணுக ராத்திரி முழிச்சுக்கிட்டுத்தான் கிடந்தாங்க. அதுக்குப் பேரு வைக்கலை, "காத்துக் கருப்பு அடிச்சிருக்கு"ன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. அந்தப் பொண்ணு ஒரு மாசமாத் தூங்கலை. கோயிலுக்கும் போகட்டும், ரத்தமும் எடுக்கட்டும்.

மனநல ஆலோசகர், அண்ணாநகர்:

அழுதா பிள்ளைக்கு ஆகாதுங்கிற பேச்சை முதல்ல வீட்டுல நிறுத்துங்க. அன்றாட வருத்தம், அழுகை, கோவம் இதனால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. பதட்டத்துல தாயோட உடம்புல சுரக்கிற கார்டிசாலைப் பெரும்பகுதி செயலிழக்க வைக்கிற நொதி ஒண்ணு நச்சுக்கொடியிலயே இருக்கு. முழுசாத் தடுக்காது, ஆனா நல்ல வடிகட்டி. மாசக்கணக்கா, சிகிச்சையே இல்லாம நீடிக்கிற கடுமையான மனஅழுத்தத்தைத்தான் குறைமாசப் பிரசவத்தோடயும் பிள்ளை எடை குறையிறதோடயும் சேர்த்துச் சொல்றாங்க. அதுக்கும் வழி சிகிச்சைதான். அழுகையை அடக்கச் சொன்னா ஒளிஞ்சு அழுவா, அம்புட்டுதான்.

சாதாரணக் கவலை எது, சிகிச்சை வேண்டியது எதுன்னு பிரிக்கிறதுக்கு ரெண்டு கேள்வி இருக்கு. போன ஒரு மாசத்துல அடிக்கடி மனசு சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போன மாதிரி இருந்துச்சா? எதுலயும் ஆசையோ பிடிப்போ இல்லாமப் போச்சா? ஒண்ணுக்கு "ஆமா"ன்னாலும் விரிவாப் பாக்கணும். அதுக்கு எடின்பரோ அளவுகோல்னு 10 கேள்வி இருக்கு, தமிழ்லயும் உண்டு. கடைசி 7 நாள் எப்படி இருந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 3 வரைக்கும் மதிப்பெண், மொத்தம் 30. 13-ம் அதுக்கு மேலயும் வந்தா மனநல மருத்துவரைப் பாக்கணும். கீழ வந்தாலும் ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கலாம். பத்தாவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கிற எண்ணம் பத்தினது. அதுல 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவா இருந்தாலும், அன்னைக்கே கூட்டிட்டுப் போகணும், தனியா விடக்கூடாது.

இதை மாமியார் பக்கத்துல வச்சுக் கேட்டா எல்லாத்துக்கும் "நல்லா இருக்கேன்"னுதான் வரும். தனியா, கதவைச் சாத்திட்டு, அவகிட்ட தாளைக் கொடுத்து அவளையே எழுதச் சொல்லுங்க. அடி, மிரட்டல்னு வீட்டுல எதுவும் இருந்தா அதுவும் அப்பத்தான் வெளிய வரும். அதுக்கு 181 இருக்கு.

பேசணும்னா 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. ராத்திரி 2 மணிக்கும் எடுப்பாங்க. நேர்ல பாக்க, பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, கர்ப்பிணின்னு சொல்லி, தாய் சேய் அட்டையோட போங்க.

மாத்திரை விஷயத்துல ரெண்டு தப்பு நடக்குது. ஏற்கனவே மனநல மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்த பொண்ணு, கரு உண்டானது தெரிஞ்சதும் தானா நிறுத்திருவா. நிறுத்தினதும் நோய் திரும்பும், தொடர்ந்ததைவிட அது பெரிய ஆபத்தாப் போயிரலாம். செர்ட்ரலின் மாதிரி கர்ப்பத்துல மருத்துவர் நிதானிச்சுக் கொடுக்கிற மருந்து இருக்கு, வால்ப்ரோயேட் மாதிரி கர்ப்பத்துல ஆகாத மருந்தும் இருக்கு. எதைத் தொடரணும், எதை மாத்தணும்கிறதை மருத்துவர்தான் சொல்லணும். இன்னொண்ணு, மருந்துக்கடையில "தூக்கத்துக்கு ஒண்ணு குடுங்க"ன்னு அல்ப்ரசோலம் வாங்கிப் போடுறது. அதைத் தொடவே கூடாது.

வீட்டுக்காரங்களுக்கு: "நாங்க இருக்கோம்ல"ங்கிறது உதவியே இல்லை. எந்த வேலையை யாரு எடுத்துக்கிடுறாங்கன்னு பேரு போட்டுச் சொல்லுங்க. தண்ணி வர்ற அன்னைக்குக் குடம் தூக்குறது தம்பி. ராத்திரிப் பாத்திரம் நீங்க. "என்ன பிள்ளைன்னு ஸ்கேன்ல சொன்னாங்களா"ன்னு வர்ற சொந்தக்காரங்களுக்குப் பதில் சொல்றது உங்க அம்மா. அதைக் கேக்குறதும் சொல்றதும் 1994-ல வந்த சட்டப்படி குத்தம்னு சொல்லி வாயை அடைச்சிரலாம்.

அவளுக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி 15 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். இடது பக்கம் மனசுல ஓடுற கவலை, வலது பக்கம் அதுக்கு நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு வேலை. "புது ஆஸ்பத்திரி எப்படியோ"ன்னா, எதிர்ல "சனிக்கிழமை உசிலம்பட்டி நர்ஸுக்குப் போன்". "வலி தாங்குவேனா"ன்னா, எதிர்ல "செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட கேக்கணும்". எதிர்ல எழுத ஒண்ணுமே இல்லாத கவலைக்கு ஒரு கோடு போட்டு விட்டுறணும். ராத்திரி 2 மணிக்கு அந்தக் கவலை திரும்ப வந்தா "எழுதியாச்சு, நாளைக்கு நோட்டு எடுக்கிறப்ப பாப்போம்"னு அவளுக்கு ஒரு பதில் இருக்கும்.

பிரசவ வலி பயத்துக்கு, போன்ல வர்ற பிரசவ வீடியோவையும் பக்கத்து வீட்டுக்காரங்க சொல்ற கதையையும் நிறுத்தணும். அதுக்குப் பதிலா, பிரசவ அறையை முன்கூட்டியே ஒரு தடவை காட்டச் சொல்லிக் கேளுங்க. கூட ஒரு பொண்ணு நிக்க விடுவாங்களான்னும் கேட்டு, யாருன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. வலி விட்டு விட்டுத்தான் வரும், ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், மிஞ்சினா ஒன்றரை நிமிஷத்துல அடங்கும், நடுவுல ஓய்வு கிடைக்கும். தொடர்ச்சியா பத்து மணி நேரம் வலிக்கும்னு நினைச்சுத்தான் பாதிப் பேரு நடுங்குறாங்க.

தொழிலாளர் உதவி:

கடை பத்தி யாரும் சொல்லலை, சுருக்கமாச் சொல்லிடுறேன். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 2021-ல திருத்தம் வந்து, வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் உக்கார இருக்கை வைக்கணும்னு ஆயிருச்சு. கர்ப்பிணிக்கு மட்டும் காட்டுற சலுகை இல்லை அது. அதனால கெஞ்சிக் கேக்க வேண்டியதில்லை, ஒரு ஸ்டூல் கேக்க அவளுக்கு உரிமை இருக்கு. டாக்டர்கிட்ட "நீண்ட நேரம் நிற்கக் கூடாது"ன்னு ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுத்தா, பில் போடுற இடத்துக்கோ பேக்கிங் இடத்துக்கோ மாத்தச் சொல்றது சுலபம்.

பேறுகால விடுப்பு முதல் ரெண்டு பிள்ளைக்கு 26 வாரம், சம்பளத்தோட. பிரசவத் தேதிக்கு முன்னாடி அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். அதுக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருக்கணும். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்துல பிடிக்கிறாங்கன்னா அந்தப் பணம் ஈ.எஸ்.ஐ.யில இருந்து வரும், அதுக்கு முந்தின ரெண்டு பங்களிப்புக் காலத்துல (ஒண்ணு ஆறு மாசம்) 70 நாள் சந்தா கட்டியிருக்கணும். சம்பளச் சீட்டைப் பாத்து ஈ.எஸ்.ஐ. எண் இருக்கான்னு இந்த வாரமே பாருங்க. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்த முடியாது. விடுப்பு விண்ணப்பத்தை எழுத்துல கொடுத்து, நகல்ல கையெழுத்து வாங்கி வச்சுக்கிடுங்க. பணக்கவலை பாதித் தூக்கத்தைக் கெடுக்கும், அதனாலதான் இதைச் சொல்றேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல மொத்தம் 18,000 ரூபாய், அதுல 14,000 பணமாவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாவும். தகுதி இருக்கான்னு கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேளுங்க.

காலை 9 மணிக்கு மகளிர் இலவசப் பஸ்ல நிக்க இடம் இருக்காது. முதலாளிகிட்ட கூட்டம் குறைஞ்சு பத்தரைக்கு வர்ற மாதிரி வேலை நேரத்தை மாத்தித் தரச் சொல்லிப் பாருங்க. உக்கார இடம் கிடைச்சா பின் சக்கரத்துக்கு மேல உள்ள சீட்டு வேண்டாம், குலுக்கல் அங்கதான் அதிகம்.

திருமங்கலத்து அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அட்டையை எடுத்துப் பாத்தேன். ஹீமோகுளோபின் 9.4. யாரும் எங்ககிட்ட சொல்லவே இல்லை. டி.எஸ்.எச். எடுக்கலை. ரத்த அழுத்தம் 110/70. இரும்பு மாத்திரையைக் காலைல காபியோடதான் போட்டிருக்கா, சிஸ்டர் சொன்னது அப்படியே!

நேத்து மூச்சுப் பயிற்சி செஞ்சோம். பத்துச் சுத்துலயே தலை கிறுகிறுன்னு வருது, உதட்டைச் சுத்தி மரத்த மாதிரி இருக்குன்னு பயந்து நிறுத்திட்டா. செய்யலாமா வேண்டாமா?

மூச்சும் நடையும்:

செய்யலாம். இழுக்கிற மூச்சு பெருசாப் போயிருக்கு, அதான். கர்ப்பத்துல சுரப்பிகளாலேயே மூச்சு ஆழமா ஓடும், அதனால ரத்தத்துல கரியமில வாயு முன்னாடியே குறைஞ்சுதான் இருக்கும். அதுக்கு மேல இழுத்து இழுத்து விட்டா இன்னும் குறைஞ்சு தலை சுத்தும், உதடும் விரல் நுனியும் மரக்கும். ராத்திரிப் படபடப்புலயும் இதேதான் நடக்குது. பயத்துல வேகமா மூச்சு வாங்குறா, வாங்கினதால மரக்குது, மரத்ததைப் பாத்து இன்னும் பயம்.

4-க்கு 6 வேண்டாம், ஒரு வாரத்துக்கு 3 எண்ணி உள்ள, 4 எண்ணி வெளிய. மூக்குக்கு முன்னாடி ஒரு விரலை வச்சுக்கிடச் சொல்லுங்க. உள்ள இழுக்கிறப்ப விரல்ல காத்து பட்டும் படாமலும் இருக்கணும், சத்தம் கேக்கக்கூடாது. வாயால ஊதுறதையும் விட்டுட்டு மூக்காலயே விடட்டும். 30 சுத்துக்குப் பதிலா 10. கிறுகிறுப்பு வந்தா நிறுத்திட்டு எப்பவும் போல விட்டா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல போயிரும்.

பேறுகால வார்டு சிஸ்டர்:

9.4 நடுத்தர ரத்தசோகை, அக்கா. 2 மணிப் படபடப்புல பெரும்பங்கு இதுவா இருக்கலாம். இந்தச் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணி நாளுக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த அளவுக்கு இரும்பு மாத்திரையை ஒரு நாளைக்கு ரெண்டா ஆக்குவாங்க, அதை டாக்டர் சொல்லித்தான் கூட்டணும். ஒரு மாசத்துல ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறணும். ஏறலைன்னா இரும்புச்சத்தை ஊசி வழியா ஏத்துவாங்க. 7-க்குக் கீழ போனா ஆஸ்பத்திரியில சேர்க்கணும். குடற்புழு மாத்திரை கொடுத்தாச்சான்னும் கேளுங்க, பூச்சி இருந்தா போடுற இரும்பெல்லாம் வீண்.

உசிலம்பட்டி விஷயம். கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப அரசு கொடுத்த அவளோட பிக்மி எண் தமிழ்நாடு முழுக்க ஒண்ணுதான், ஊர் மாறினா புதுசாப் பதிய வேண்டாம். ஆனா ஒம்பதாம் மாசம் போய் நின்னா அந்த டாக்டர் அவளை ரெண்டு தடவைதான் பாப்பாரு. 30 வாரத்துல ஒரு செக்கப்பை அங்க வச்சுக்கிடுங்க, ஒரு நாள் போயிட்டு வந்தா போதும். அம்மா வீட்டுப் பகுதி கிராம செவிலியரோட நம்பரை வாங்கி, பிரசவத் தேதியைச் சொல்லி வச்சிருங்க. பையில தாய் சேய் அட்டை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, ஆதார், வங்கிப் புத்தக நகல் ஒரே உறையில. வளைகாப்பு அன்னைக்குச் சாப்பிட வச்சிட்டு மனையில உக்கார வையுங்க, முதுகுக்குச் சாய்மானம் வேணும், ஒரு மணி நேரத்துல முடிச்சிருங்க. முகூர்த்தம் மதியத்தைத் தொட்டா மின்விசிறிக்கு நேரா இடம் போடுங்க.

இப்ப ஓட வேண்டியது எதுக்குன்னு கேட்டீங்கள்ல. விடாத தலைவலி, கண்ணு மங்குறது, பூச்சி பறக்கிற மாதிரி தெரியிறது, மேல்வயித்துல வலி, முகமும் கையும் திடீர்னு வீங்குறது, பி.பி. 140/90 தொட்டது, இதுல எது வந்தாலும் அது டென்ஷன் இல்லை, ராத்திரியா இருந்தாலும் 108. படுத்தா மூச்சு முட்டி எந்திரிச்சு உக்காருறது, நெஞ்சுவலி, மயக்கம், ரத்தப்போக்கு, தண்ணி கசியிறது இதுக்கும் அப்படித்தான். பிரசவம் முடிஞ்ச முதல் ரெண்டு வாரத்துல பிள்ளை தூங்குறப்பவும் அவ தூங்காம, சம்பந்தமில்லாமப் பேசி, ஆளுகளைச் சந்தேகப்பட்டா அதுவும் அவசரம்தான். பச்சை உடம்புக்காரி அப்படித்தான் இருப்பான்னு விட்டுறாதீங்க.

28 வாரம் ஆனதுல இருந்து பிள்ளை அசைவை எண்ணணும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இடது பக்கம் படுத்து, ஒரு கிண்ணத்துல பத்துப் புளியங்கொட்டை வச்சுக்கிட்டு, அசையிறப்ப ஒண்ணு ஒண்ணா எடுத்துத் தரையில போடச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள கிண்ணம் காலியாகணும். நிறைய நாள் அரை மணி நேரத்துலயே காலியாயிரும். ஆகலைன்னா இனிப்புக் கொடுத்து எழுப்புறேன், காலைல பாப்போம்னு இருக்காம அப்பவே கிளம்புங்க. எண்ணுற நேரத்துல தம்பியைப் பக்கத்துல உக்காந்து கொட்டையை எண்ணச் சொல்லுங்க, அந்த நேரம் அவன் கையிலயும் போன் வேண்டாம்.